போகிறபோக்கில் ஒரு ‘ஹலோ’

மைசூர்,
சனிக்கிழமை மத்தியானம்

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. எனக்கு வாசிக்க வரும், எழுதத்தான் கை ஓடாது என்பது உனக்குத் தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் நம் ராமாபுரத்துப் பேச்சில் சொல்வதை அவள் புத்தக நடைக்கு மாற்றிக்கொள்கிறாள். “சொன்னது மாறக் கூடாது அம்மணி” என்றேன். “சொன்னது மாறாதும்மா, உடுப்புதான் மாறும்” என்கிறாள். ஹைஸ்கூல் படிக்கிறவளிடம் பேசி ஜெயிக்க முடியுமா? நடுவே அவளுக்கும் ஏதாவது சொல்ல இருந்தால், தான் சொல்வதாகத் தனியாக எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொல்வது.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார். பம்பாயில் வேலையில் உனக்குக் குறை இல்லை. வரைபடம் போடும் பயிற்சியில் நீ இழுக்கிற கோட்டை மேலதிகாரி மெச்சுகிறார். சாப்பாடு சுமார். ஆனால் விடுதியில் உன்னோடு இருக்கும் கோவாப் பையனும் மங்களூர்ப் பையனும் கல்கத்தாவிலிருந்து வந்த சட்டைக்கார ஆங்கிலோ-இந்தியப் பையனும் இங்கிலீஷிலேயே பேசிக்கொள்கிறார்கள். முதல் நாள் காலை குளிக்க வரிசையில் நிற்கும்போது அந்தக் கல்கத்தாப் பையன், “ஹலோ மேன், ஹவ்ஸ் லைஃப்?” என்று உன்னைக் கேட்டான். நீ வாளியைக் கீழே வைத்தாய். வாழ்க்கை பொதுவாகத் திருப்தியாக இருக்கிறது, நான் மைசூரிலிருந்து வந்திருக்கிறேன், பம்பாயின் ஈரக்காற்றுதான் இன்னும் பழகவில்லை, தாங்கள் நலமா என்று ஒரு பிழையும் இல்லாமல் இங்கிலீஷில் சொல்லி நிமிர்ந்து பார்த்தால், அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அன்றிலிருந்து உனக்குப் ‘பாராகிராஃப்’ என்று பெயர். இப்போது யார் கூப்பிட்டாலும் நீ தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறாய். பதில் வேண்டாதவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள், இப்படிப்பட்டவர்களோடு எப்படிக் காலம் தள்ளுவது, மாதம் முடிந்ததும் ஊருக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய்.

இதைக் கேட்டதும் உன் அப்பா ஒரே பேச்சாக, “வந்துறச் சொல்லு” என்றார். “கேள்வி கேட்டுட்டுப் பதிலுக்கு நிக்காதவனெல்லாம் ஒரு மனுசனா? நாளைக்குக் காய்ச்சல்னு படுத்தா இவனுக்கு ஒரு வாய் சுடுதண்ணி யாரு குடுப்பாங்க? கதவைத் தட்டிப் பாக்கக்கூட ஆளில்லாத ஊரு அது.” அதோடு விடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தேவராஜ மொஹல்லாவுக்குப் போய், அரிசி மண்டிக்காரரிடம் உனக்கு ஓர் இடம் பிடித்து வைத்துவிட்டு வந்தார். நேற்று மாலை வரை நானும் அவர் கட்சிதான். நீ வந்துவிட்டால் கண் எதிரே இருப்பாய். ஆனால் பயிற்சியை நடுவில் விட்டுவிட்டு வந்தால் அந்தக் கம்பெனி மறுபடி எடுத்துக்கொள்ளாது என்று நீயே எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் சுவரெல்லாம் கரியால் கோடு போட்டு உதை வாங்கின பிள்ளை நீ. அரிசி மண்டியில் உட்கார்ந்து என்ன வரையப் போகிறாய் என்றும் யோசித்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் கூடையை எடுத்துக்கொண்டு, உன் தங்கையையும் கூட்டிக்கொண்டு, காய் வாங்கப் போனேன்.

மார்க்கெட்டுக்கு எதிரே அந்தக் காப்பி ஹோட்டல் வாசலில் காலேஜ் பையன்கள் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்களே, நேற்றும் நின்றார்கள். வேறு நாளாக இருந்தால் நான் அந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டேன். நேற்று கத்தரிக்காய் பொறுக்குகிற சாக்கில் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் சைக்கிளில் வந்தான். “ஹலோ மேன், ஹவ்ஸ் லைஃப்?” என்றான். நின்றவன், “ஹலோ, ஹலோ!” என்றான். அவ்வளவுதான். லைஃப் எப்படி இருக்கிறது என்று இவனும் சொல்லவில்லை, அவனும் காத்திருக்கவில்லை. இருவரும் நேரே கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்து ஒருவன் வந்தான், அதே கேள்வி, அதே மாதிரி பதில் இல்லை. யாருக்கும் கோபமும் இல்லை. வந்தவனுக்கு மற்றவர்கள் சைக்கிளை நகர்த்தி இடம் விட்டார்கள். நான் கையில் கத்தரிக்காயோடு நின்றுவிட்டேன். “ஏம்மா, வாங்கறீங்களா, இல்ல ஜாதகம் பாக்கறீங்களா?” என்று காய்க்காரர் அதட்டிய பிறகுதான் நினைவு வந்தது. உன் தங்கையிடம் சொன்னேன்: “அம்மணி, இது வேற ஒண்ணுமில்ல, நம்ம கௌரம்மா கேக்கற ‘ஊட்ட ஆய்த்தா’தான்.”

எதிர்வீட்டுக் கௌரம்மாவை உனக்குத் தெரியும். நீ ரயிலேறிய அன்று உனக்கு அவல் கட்டிக் கொடுத்தவள். ஆனால் அவளிடம் நான் முதன்முதலில் என்ன செய்தேன் என்பதை உன்னிடம் சொன்னதில்லை. அப்போது அப்பாவுக்குப் பட்டு மில்லில் வேலை கிடைத்து, நாம் ராமாபுரத்தை விட்டு இந்தச் சந்துக்கு வந்த புதிது. உனக்குப் பேச்சு சரியாக வராத வயது. தங்கை அப்போதுதான் வயிற்றில் தங்கியிருந்தாள். எனக்குக் கன்னடம் காதில் விழும், நாக்கில் வராது. ஒரு நாள் பொழுது சாயும் நேரம், கௌரம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்து, “ஊட்ட ஆய்த்தா?” என்றாள். சாப்பாடு ஆச்சா என்று கேட்கிறாள். நம் ஊரிலும் கேட்போம். ஆனால் நம் ஊரில் இல்லை என்று சொன்னால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இலையைப் போட்டுவிடுவார்கள். அதற்காகவே சாப்பிடாதவர்களும் ஆச்சு என்றுதான் சொல்வார்கள். இது டவுனாயிற்றே, உள்ளதைச் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்து, “இன்னும் இல்லைங்க” என்றேன். அவளும் போகிறபோக்கில், “பன்னி, பன்னி, ஊட்ட மாடி” என்று சிரித்துவிட்டுப் போனாள். வாருங்கள், சாப்பிடுங்கள் என்று அர்த்தம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வைத்திருந்த உலையை இறக்கினேன். அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தேன். உனக்கு முகம் கழுவி, பொட்டு வைத்து, ஊரில் ஒரு கல்யாணத்துக்காக உனக்கு எடுத்த சட்டையைப் போட்டுவிட்டேன். வேலை முடிந்து வந்த அப்பாவிடம், “எதிர்வீட்டுல விருந்துக்குக் கூப்பிட்டிருக்காங்க, வேட்டியை மாத்துங்” என்றேன். அவருக்கும் சந்தோஷம். “பரவால்லியே, வந்து மாசங்கூட ஆகல, அதுக்குள்ள விருந்தா?” என்று தலையை வாரிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் போய்க் கௌரம்மா வீட்டு வாசலில் நின்றோம். உள்ளே அவள் புருஷனும் பிள்ளைகளும் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தட்டுக்கு ஒரு ராகிக்களி உருண்டை, பக்கத்தில் ஒரு சட்டி கீரைச்சாறு. அதற்கு மேல் அந்த வீட்டில் ஒன்றும் இல்லை என்பது வாசலிலிருந்தே தெரிந்தது. கௌரம்மா எங்களைப் பார்த்தாள். நம் உடுப்பைப் பார்த்தாள். உன் பொட்டைப் பார்த்தாள். ஒரு நொடிதான். “பன்னி, பன்னி” என்று உள்ளே அழைத்து, பிள்ளைகளை நகர்ந்து உட்காரச் சொல்லி, உருண்டைகளைப் பிட்டுப் பிட்டு எல்லார் தட்டிலும் வைத்தாள். அவள் சாப்பிடவில்லை. நீ மட்டும் இன்னும் வேண்டும் என்று தட்டை நீட்டினாய். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவள் நம்மை விருந்துக்குக் கூப்பிடவில்லை, சந்தில் எதிர்ப்பட்டதற்கு ஒரு வார்த்தை சொன்னாள், அவ்வளவுதான் என்று. என் தட்டில் இருந்ததை உன் தட்டுக்குத் தள்ளிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாளிலிருந்து கௌரம்மா குழாயடிக்குப் போய்த் திரும்பும் வரை கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் போன பிறகுதான் என் குடம் வெளியே வரும். சந்தில் எந்தப் பெண் சிரித்தாலும் என்னைச் சொல்லித்தான் சிரிக்கிறாள் என்று பட்டது. “இந்த ஊரு எனக்கு ஆகாதுங், வாய்ல ஒண்ணு மனசுல ஒண்ணு வச்சிருக்கிற சனம், ராமாபுரத்துக்கே போயிரலாமுங்” என்று உன் அப்பாவை நச்சரித்தேன். அவரும் எனக்காக மில் வேலையை விடத் தயாராகிவிட்டார். அப்போது போயிருந்தால் உனக்கு இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் இல்லை, உன் கையைப் பிடித்துச் சித்திரம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் இல்லை, பம்பாய் இல்லை. உன் கடிதத்தில் நீ எழுதியிருப்பது, கண்ணு, நான் அன்றைக்குப் பேசின அதே பேச்சு. இங்கிலீஷ்க்காரப் பையன்கள் என்று நீ எழுதுகிற இடத்தில் கன்னடக்காரப் பெண்கள் என்று போட்டுக்கொண்டால் ஒரு சொல்கூட மாற்ற வேண்டாம்.

பிறகு எப்படி மனம் மாறியது என்று கேட்பாய். பெரிதாக ஒன்றும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று நின்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கௌரம்மா பால்காரனிடம் ஊட்ட ஆய்த்தா என்கிறாள். தபால்காரரிடம் கேட்கிறாள். போலீஸ்காரரைக்கூட அவள் விடுவதில்லை. எல்லாரும் ஆய்த்து என்கிறார்கள், அல்லது நிம்தா, உங்களுக்கு ஆச்சா, என்று அவளையே திருப்பிக் கேட்கிறார்கள். ஒருத்தரும் என்ன சாப்பிட்டோம் என்று சொல்வதில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை வாங்காமல் யாரும் நம் சந்துக்குள் வந்து போவதும் இல்லை. இவள் என்னை மட்டும் வைத்து விளையாடவில்லை, எல்லாருக்கும் கொடுப்பதைத்தான் எனக்கும் கொடுத்தாள் என்று தெரிந்தது. ஒரு நாள் விடிந்தும் விடியாத நேரத்தில் கதவைத் திறந்து, வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவளிடம் நானே முந்திக்கொண்டு, “ஊட்ட ஆய்த்தா?” என்று கேட்டுவிட்டேன். எந்த மனுஷி அந்த நேரத்தில் சாப்பிடுவாள்? அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஆய்த்து, ஆய்த்து! நிம்தா?” என்றாள். “ஆய்த்து” என்றேன். இரண்டு பேரும் பல்லே விளக்கியிருக்கவில்லை. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

தங்கை எழுதுவது: அண்ணா, அம்மா தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள். அதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன். நீ பம்பாய் போகும் முன் யாராவது நலம் விசாரித்தால் என்ன சொல்ல வேண்டும் என்று நாம் இருவரும் பாடப்புத்தகத்தைப் பார்த்து ஒத்திகை செய்தோமே, அந்தப் பதில் இலக்கணப்படி மிக நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு பரிசோதனை செய்வது நல்லது என்று தோன்றியது. என் வகுப்பில் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து டாரதி என்று ஒருத்தி வருகிறாள். வீட்டில் இங்கிலீஷ்தான் பேசுவார்கள். இன்று காலை பள்ளிக்கூட வாசலில் அவளைப் பார்த்து, “ஹலோ டாரதி, ஹவ்ஸ் லைஃப்?” என்றேன். அவள், “ஃபைன், மை டியர்!” என்று சொல்லி என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தாள். இத்தனைக்கும் அவளுக்கு நேற்றிலிருந்து பல்வலி, கன்னம் வீங்கியிருந்தது. “பல் வலிக்கும்போது ஃபைன் என்று சொல்வது பொய் இல்லையா?” என்று கேட்டேன். “நீ என்ன பரீட்சையா எழுதற? கேட்டா ஃபைன்னு ஒண்ணு வீசிடணும். அப்புறம் கூட நடக்கறப்ப பல்வலியைச் சொல்லிக்கலாம்” என்றாள். உண்மையிலேயே கணக்கு வகுப்பு முடியும் வரை பல்வலியைத்தான் சொன்னாள். எனக்கு இது மிகவும் ஆச்சரியமாக இருந்தது. நீ வாளியைக் கீழே வைத்துச் சொன்ன செய்திகளில் தவறில்லை அண்ணா, அவை ‘ஃபைன்’ என்பதற்குப் பிறகு வர வேண்டியவை என்று நினைக்கிறேன். அம்மா வந்துவிட்டாள்.

இவள் எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். இனி நான் சொல்லப்போவதை எழுத அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். இருந்தாலும் எழுது அம்மணி.

தங்கை பிறக்க இன்னும் நாள் இருந்தது. என் அம்மா, உன் அம்மாயி, வந்து கூட இருப்பதாக ஏற்பாடு. அப்பா மில்லுக்குப் போய்விட்டார். நீ மூலையில் உட்கார்ந்து தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாய். திடீரென்று வலி கண்டுவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை, கூப்பிடக் குரல் வரவில்லை. கதவு சாத்தியிருக்கிறது. சந்தில் கௌரம்மாவின் மெட்டிச் சத்தம் கேட்டது. வழக்கம்போல, “ஊட்ட ஆய்த்தா?” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மெட்டிச் சத்தம் நம் வாசலைத் தாண்டிப் போயிற்று. சரி, போய்விட்டாள் என்று நினைத்தேன். போனவள் நின்றாள். திரும்பி வந்தாள். “அக்கா? ஊட்ட ஆய்த்தா?” என்று கதவருகே வந்து மறுபடி கேட்டாள். அதற்கும் பதில் இல்லை என்றதும் குடத்தை அப்படியே வைத்துவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். உன் தங்கையை முதலில் கையில் ஏந்தியது அவள்தான். அரை மணி தாமதித்திருந்தால் நாங்கள் இருவருமே மிஞ்சியிருக்க மாட்டோம் என்று பிறகு வந்த மருத்துவச்சி சொன்னாள். எழுதுகிறவள் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். போகட்டும், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்.

இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். அந்தக் கேள்விக்குள் ஒன்றும் இல்லை என்று நானும் நினைத்திருந்தேன். தினமும் கேட்டாள், தினமும் சொன்னேன். ஒன்றும் இல்லாத ஒரு வார்த்தையை இருவரும் இத்தனை நாள் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதனால்தான் ஒரு நாள் அது வராதபோது அவளுக்குத் தெரிந்தது. நான் கதவுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டிருந்த பெண்ணாக இருந்திருந்தால் அன்றைக்கு என் மௌனத்தை யார் கண்டுபிடித்திருப்பார்கள்? எப்போதும் பேசாதவள் இன்றும் பேசவில்லை என்று எல்லாரும் குடத்தோடு போயிருப்பார்கள். நீ இப்போது அந்த விடுதியில் தலையைக் குனிந்துகொண்டு போகிறாய். அப்பா பயப்படுகிறாரே, காய்ச்சல் வந்து படுத்தால் யார் பார்ப்பார்கள் என்று? அவர் பயம் நியாயம்தான். ஆனால் அதற்கு மருந்து அரிசி மண்டி இல்லை. அந்தக் கல்கத்தாப் பையன் ஒரு நாள் காலையில், “எங்கடா பாராகிராஃப், இன்னிக்கு ஹலோ சொல்லலியே?” என்று உன் கதவைத் தட்ட வேண்டும். அவன் தட்ட வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒவ்வொரு நாளும் நீ சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேலிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மில்லில் உன் அப்பாவை இன்றும் ‘ஹோகோணும்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கன்னடத்தில் போக வேண்டும் என்பதற்கு ‘ஹோகபேகு’ என்று சொல்லப்போய் நம் ‘போகோணும்’ அவர் வாயில் பாதி ஒட்டிக்கொண்டதால் வந்த பெயர். முதலில் அவருக்கும் ரோஷம் வந்தது. இப்போது அவர் ஒரு நாள் வராவிட்டால், ஹோகோணும் எங்கே என்று தறிகளெல்லாம் கேட்குமாம். இப்படி அவர்தான் சொல்கிறார். பெயர் வைத்துக் கூப்பிடுகிறவன் உன்னைப் பார்த்துவிட்டான் என்று எடுத்துக்கொள். பார்க்காதவனுக்குப் பெயர் வைக்கத் தோன்றாது.

அதற்காக உன் பேச்சையே மாற்றிக்கொள் என்று நான் சொல்லவில்லை, சாமி. வாளியைக் கீழே வைத்து, கேட்டவனுக்கு முழுப் பதில் சொல்ல நின்ற பிள்ளை நீ. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது. அது எங்கேயும் போக வேண்டாம். ஆனால் முதலில் ஒன்றை வீசு. அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் நீயே முந்திக்கொள். நாக்கு கூசும். குரல் உன்னுடையது மாதிரியே இருக்காது. யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நான் விடியற்காலையில் சாப்பாடு ஆச்சா என்று கேட்டவள், உன்னை என்ன செய்துவிடப் போகிறார்கள்?

இங்கே வரை எழுதியபோது உன் அப்பா மில்லிலிருந்து வந்துவிட்டார். “என்ன, இன்னுமா முடியல? ‘பொறப்பட்டு வா’ன்னு எழுத இத்தனை காகிதமா?” என்றார். “உக்காருங், படிக்கச் சொல்றேன்” என்றேன். உன் தங்கை முதலிலிருந்து வாசித்தாள். விருந்துக்கு வேட்டி மாற்றிய இடத்தில், “இதையெல்லாம் எதுக்கு எழுதறீங்க, பையன் மானத்தை வாங்கவா?” என்று சிடுசிடுத்தார். ஆனால் மீசைக்குள் சிரித்தார். கௌரம்மா திரும்பி வந்த இடம் வந்ததும் எழுந்து போய் வாசலில் நின்றார். அவள் தன் வீட்டு முன் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளேதான் முந்திக்கொண்டு, முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், “ஊட்ட ஆய்த்தா?” என்றாள். “ஆய்த்து தாயி” என்றார். இன்னும் அவருக்கு இலை போடவில்லை.

உள்ளே வந்து, “மண்டிக்காரருக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடறேன்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நாம செய்யறது சரிதானா?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரியாதுதான் மகனே. பத்திரமாக இருப்பாய் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு யார் உறுதி சொல்ல முடியும்? முயன்று பார்த்த பிறகும் உன்னால் முடியவில்லை என்றால் வா. உனக்கு இங்கே சோறு எப்போதும் உண்டு, மண்டியில் இடம் இல்லாவிட்டாலும். ஆனால் ஒருவரையும் கூப்பிட்டுப் பார்க்காமல் வந்துவிடாதே.

இன்னும் சொல்ல இருந்தது. உன் அப்பா விட மாட்டேன் என்கிறார். சாயங்கால ரயிலுக்குத் தபால் கட்டிவிடுவார்களாம். இன்று போகாவிட்டால் திங்கட்கிழமைதானாம். அதற்குள் பையன் பெட்டியைக் கட்டிவிட்டால் என்ன செய்வாய் என்கிறார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றால் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு, எழுதுகிற உன் தங்கையின் தலைக்கு மேலே நிற்கிறார்.

உன் அம்மா